பழைய மோட்டார் படகு மலிவாகக் கிடைக்கிறதா? பணத்தை எடுப்பதற்கு முன்னால்

டிரெய்லர் மேல் தார்ப்பாய் போர்த்திப் பல வருடம் நின்ற படகு. தார்ப்பாயின் நடுவே மழைநீர் குளம் கட்டி நிற்கிறது, அதில் பாசி. விற்பவர் சொல்வார்: "போன வருஷம்கூட ஓடிச்சு. கொஞ்சம் வேலை இருக்கு, அவ்வளவுதான்." விலையைக் கேட்டால் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. சில சமயம் விலையே கிடையாது, இழுத்துக்கொண்டு போனால் போதும் என்பார்.

இப்படி இரண்டு படகு வாங்கியிருக்கிறேன். முதல் படகைக் கடைசியில் துண்டு துண்டாக அறுத்துக் குப்பைக்கு அனுப்பினேன். இரண்டாவது இன்னும் ஓடுகிறது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே விலை. பார்வைக்கு முதல் படகுதான் பளபளப்பு. அந்த அனுபவத்தில் நான் கற்றது இது: நட்டு போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடிய பொருள் எதுவாக இருந்தாலும் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கழற்ற முடியாத இடத்தில் கெட்டிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சீட், வயர், ஸ்டீயரிங் கேபிள், ஏன், மோட்டார்கூட முதல் வகை. படகின் உடலும், அதற்குள் ஒட்டி மூடப்பட்ட மரமும் இரண்டாம் வகை.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். படகு விஷயத்தில் அது செல்லாது. இலவசப் படகின் பல்லைத்தான் இரண்டு தடவை பார்க்க வேண்டும். ஃபைபர் (கண்ணாடியிழை) மக்காது, பழைய இரும்புக்காரர் எடுக்க மாட்டார், எரித்தால் நச்சுப்புகை. ஒருமுறை உங்கள் வாசலுக்கு வந்துவிட்டால் அதை ஒழிக்கிற செலவும் உங்களுடையது.

ஓட்டவா, பழுது பார்க்கவா?

படகைப் பார்க்கப் போவதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த விடுமுறைக்குள் தண்ணீரில் இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், கொஞ்சம் கூடப் போட்டு ஓடுகிற படகையே வாங்கிவிடுங்கள். கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் அதுதான் மலிவாகவும் முடியும். பழைய படகைத் தேற்றுவது படகு ஓட்டுவதிலிருந்து முற்றிலும் வேறான பொழுதுபோக்கு. அதில் இறங்குகிறவருக்குக் கழற்றுவதிலும் தேய்ப்பதிலும் ஒட்டுவதிலுமே இன்பம் இருக்க வேண்டும்.

அப்புறம் இடம். 5 மீட்டர் படகு டிரெய்லரோடு சேர்ந்தால் 6 மீட்டரைத் தாண்டும். சுற்றி நடக்கவும், உட்கார்ந்து வேலை செய்யவும் இடம் வேண்டும். மேலே கூரை வேண்டும். ஈரத்தில் ஃபைபர் வேலை நடக்காது. சுமார் 15 டிகிரிக்குக் கீழே, ஃபைபரை ஒட்டும் பாலியெஸ்டர் ரெசின் (பிசின்) சரியாக இறுகாது. ஃபைபரைக் கிரைண்டரால் தேய்த்தால் கிளம்பும் தூசி தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியில் போய் உட்கார்ந்தால் அது வேறு பஞ்சாயத்து. வீட்டில் இருப்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. "ரெண்டு மாசம்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

போனிலேயே பாதி தெரிந்துவிடும்

கடைசியாக எப்போது தண்ணீரில் இறங்கியது? உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா? நின்றது கூரைக்கு அடியிலா, வெட்டவெளியிலா? தரையையோ, மோட்டாரைத் தாங்கும் பின்பலகையையோ யாராவது மாற்றியிருக்கிறார்களா? காகிதங்கள் உங்கள் பெயரில்தான் இருக்கின்றனவா? இவற்றை வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடுகிறது என்றால், "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவையுங்கள். ஆறிக் கிடக்கும் மோட்டார் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் அதன் உண்மையான குணம். நீங்கள் போகும்போது மூடி சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

"சின்ன கார்புரேட்டர் வேலைதான்" என்ற வாக்கியம் எப்படியும் வரும். அவ்வளவு சின்ன வேலை என்றால் அதை முடித்துவிட்டு இரண்டு மடங்கு விலைக்கு விற்றிருக்கலாமே, ஏன் செய்யவில்லை? வாய்விட்டுக் கேட்க வேண்டாம். மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

போகும்போது டார்ச், பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர், சாக்பீஸ், ஸ்பார்க் பிளக் ஸ்பேனர், கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கருவி), மல்டிமீட்டர், அழுக்கானால் பரவாயில்லை என்கிற உடை இவை போதும். கூடவே, அந்தப் படகின் மேல் ஆசை வைக்காத ஒரு நண்பர். இந்தப் பட்டியலில் அவர்தான் முக்கியம்.

உடல்: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

ஃபைபர் படகு என்றால் அதில் மரமே கிடையாது என்று நானும் நினைத்திருந்தேன். பழைய படகுகள் பலவற்றில் ஃபைபர் தோல் மட்டும்தான். மோட்டாரைத் தாங்கும் பின்பலகைக்குள் இருப்பது பிளைவுட். தரையும் பிளைவுட். தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சட்டங்களும் மரம். எல்லாவற்றையும் ரெசினால் மூடியிருப்பார்கள். எப்போதோ ஒருவர் ஏணிக்காகவோ மீட்டருக்காகவோ நாலு திருகாணி இறக்கி, துளையைச் சரியாக அடைக்காமல் விட்டிருப்பார். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். திரும்பி வர வழி கிடையாது. பத்துப் பதினைந்து வருடத்தில் மரம் உள்ளுக்குள்ளேயே ஊறி மக்கிப்போகும். வெளியே ஜெல்கோட் பூச்சு மட்டும் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் காது போதும். ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் பின்பலகையின் மேல் மூலையிலிருந்து ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று கெட்டியான ஓசை வரும், கைப்பிடி துள்ளி எழும். ஊறிய இடத்தில் 'தொப்' என்று விழும், கைப்பிடி எழாது. முதல் ஐந்து நிமிடம் எல்லா ஓசையும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அப்புறம் ஒரு இடத்தில் சட்டென்று மாறும், அதைக் காது தவறவிடாது. மாறும் இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி. தட்டி முடித்ததும் புள்ளிகளைக் கோடாக இணையுங்கள். கையளவு வட்டம் வந்தால் பேசலாம். மோட்டார் போல்ட்டுகளைச் சுற்றியோ, அடிப்பக்கம் முழுவதுமோ கோடு வளைத்துப் போட்டால், பின்பலகையை முழுதாக அறுத்தெடுத்து மாற்றும் வேலை காத்திருக்கிறது. கோடு நீள நீள விற்பவரின் பேச்சு குறைவதையும் கவனிக்கலாம்.

அடுத்தது, அவுட்போர்டு மோட்டாரின் (படகுக்கு வெளியே பின்பலகையில் மாட்டும் வகை) கீழ்க்காலை, அதாவது தண்ணீருக்குள் இறங்கும் பகுதியைப் பிடித்து மேலும் கீழும் பலமாக அசைத்துப் பாருங்கள். கண் மோட்டார் மேல் இருக்கக் கூடாது, அது பலகையைக் கவ்வியிருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். பலகை மூச்சு விடுவதுபோல் அசைந்தால் உள்ளே மரம் போய்விட்டது.

இன்னும் சந்தேகம் என்றால், விற்பவரின் சம்மதத்தோடு பின்பலகையின் உட்புறம் கீழே இருக்கும் ஒரு திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்த, வெளிர்நிறத் தூள் வந்தால் நல்லது. என் முதல் படகில் இதை நான் செய்தது வாங்கி ஒரு வாரம் கழித்து. துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. நிற்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், கால் மணி நேரம் நிற்கவில்லை. அந்தப் படகு வெயிலில் நின்றே இரண்டு மாதமாகியிருந்தது.

தரையில் குதிகாலை ஊன்றி நடங்கள். சீட்டுக்கு முன்னால், மூலைகளில், எரிபொருள் டாங்கைச் சுற்றி நன்றாக அழுத்திப் பாருங்கள். மெத்தைபோல் அமுங்கினால் தரையை மாற்ற வேண்டும். தரை மட்டும் என்றால் பயமில்லை. ஆனால் தரை மக்கியிருக்கும்போது அடிச்சட்டங்கள் மட்டும் தப்பித்திருப்பது அபூர்வம். தரையில் புத்தம் புதுக் கார்பெட் ஒட்டியிருந்தால் ஒரு ஓரத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பழைய படகுக்குப் புதுக் கார்பெட் யாரும் காரணமில்லாமல் போடுவதில்லை.

தரைக்கு அடியில் மிதவைக்காக நுரை நிரப்பியிருப்பார்கள். அது வருடக்கணக்கில் தண்ணீரில் கிடந்தால் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, 200 லிட்டர் ஊறியிருந்தால் மூன்று பேர் இறங்காமல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். முடிந்தால் எடைமேடையில் ஏற்றி, தயாரிப்பாளர் சொல்லும் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜெல்கோட்டில் சிலந்தி வலைபோல மெல்லிய விரிசல் இருந்தால் பெரும்பாலும் மேற்பூச்சோடு நின்றுவிடும். அடிப்பக்கத்திலோ, பக்கச்சுவர் அடியோடு சேரும் வளைவிலோ நீளமாக ஓடும் விரிசல் வேறு ரகம். அது உடலே வளைந்து கொடுத்திருப்பதன் அடையாளம்.

அலுமினியப் படகுக்குச் சோதனை எளிது. டிரெய்லர் மேலேயே உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர் விட்டு, அடியில் படுத்து எந்த ரிவெட் ஆணியில் சொட்டுகிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு ஆணிகளை இறுக்கிவிடலாம். வெள்ளைப்பொடி பூத்துக் குழி விழுந்திருந்தால் கவனம். ஒரு செம்புக்காசு அடியில் ஈரத்தில் கிடந்தாலே போதும், அலுமினியத்தை அரித்துத் துளைத்துவிடும். முழு மரப்படகு? முதல் முயற்சிக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

மோட்டார்

புதியவர் அவுட்போர்டு மோட்டார் உள்ள படகையே தேடுவது நல்லது. நாலு போல்ட்டைக் கழற்றினால் மோட்டார் கையோடு வந்துவிடும், வேறொன்றை மாட்டலாம். அப்படி மாற்றும்போது பின்பலகையின் உயரத்துக்கும் மோட்டாரின் கால் நீளத்துக்கும் பொருந்த வேண்டும். 15, 20, 25 அங்குலம் என்பவை வழக்கமான அளவுகள்.

ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றி, ஸ்பார்க் வராதபடி வயர்களை எர்த் செய்து, திராட்டிலை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன் பாருங்கள். முள் ஏறி நிற்கும்வரை சுழற்ற வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதுதான் முக்கியம். 120, 118, 121 என்று வந்தால் நிம்மதி. 120, 118, 75 என்றால் அந்த மூன்றாவது சிலிண்டருக்காகத்தான் படகு விற்பனைக்கு வந்திருக்கிறது.

கீழே கியர் பெட்டியின் வடிகால் திருகைச் சற்றே தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது; உள்ளே புகுந்து தேங்கியிருந்தால் முதலில் அதுதான் வரும். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. சீல் மலிவு. ஆனால் அந்தத் தண்ணீர் கடும் குளிரில் உறைந்திருந்தால் பனிக்கட்டி சுமார் 9 சதவீதம் பெருத்து, பெட்டியையே பிளந்திருக்கும். திருகின் காந்த முனையில் மாவுபோல் இரும்புத்தூள் ஒட்டியிருப்பது சகஜம். சில்லு சில்லாக இருந்தால் பல்சக்கரம் உடைந்துகொண்டிருக்கிறது.

ஸ்டார்ட் செய்யும்போது மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் இணைத்திருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் உள்ளே தண்ணீரை இறைக்கும் ரப்பர் இம்பெல்லர் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. "ரெண்டு செகண்ட் ஓட்டிக் காட்டறேன்" என்று வெறும் மோட்டாரை ஒருவர் முறுக்கினால், இத்தனை வருடமும் அப்படித்தான் முறுக்கியிருக்கிறார். ஓடும்போது பக்கத்துச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். டூ ஸ்ட்ரோக் என்றால் எண்ணெய்க் கலவை எத்தனைக்கு ஒன்று என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். பலவற்றுக்கு 50க்கு 1. விழித்தால் புரிந்துகொள்ளுங்கள்.

எஞ்சின் உள்ளேயும் புரொப்பெல்லர் கால் வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன் டிரைவ் வகையில் கவனிக்க வேண்டியவை இரண்டு மடங்கு. கால் வெளியேறும் துளையை மூடியிருக்கும் மடிப்பு ரப்பர் உறை கிழிந்தால் படகு நின்ற இடத்திலேயே மூழ்கும். கடல்நீரில் ஓடியதென்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சினின் புகை வெளியேறும் குழாய்த்தொகுதி) உள்ளிருந்து அரித்து, சிலிண்டருக்குள் தண்ணீர் விடும். இந்த வகைப் படகைத்தான் வாங்குவேன் என்று இருந்தால், படகின் விலைக்குச் சமமாகக் கேட்டாலும் படகுப் பரிசோதகர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

உதிரிபாகம் கிடைக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களைத் தயாரித்த ஓஎம்சி நிறுவனம் 2000இல் திவாலானது. பெயரை வாங்கியவர்களும் 2020இல் எவின்ரூட் அவுட்போர்டு உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பரவலாக விற்ற மாடல்களுக்கு இன்றும் பாகம் கிடைக்கும், அபூர்வ மாடல்களுக்குத் தேடி அலைய வேண்டும். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, தண்ணீர் பம்ப் கிட் ஒன்று எங்காவது விற்கிறதா என்று பாருங்கள். அந்தச் சாதாரணப் பொருளே கிடைக்கவில்லை என்றால் மற்றதை யோசிக்கவே வேண்டாம்.

எரிபொருள், வயர்

இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அது படகின் அடியில் போய்த் தேங்கும். உள்ளிருக்கும் எஞ்சினுக்குக் கார் ஸ்டார்ட்டரையோ கார் ஆல்டர்னேட்டரையோ யாராவது மாட்டியிருந்தால், அவற்றிலிருந்து தெறிக்கும் பொறி ஒன்றே போதும். படகுக்கென்று பொறி வெளியேறாத வகை தனியாக உண்டு. பழைய எரிபொருள் குழாய்களைப் பார்த்தவுடன் தூக்கிப் போடுங்கள். டாங்க் தரைக்கு அடியில் புதைந்திருந்தால், அதை எடுக்கத் தரையை அறுக்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேருங்கள். வயரின் முனையைச் சுரண்டிப் பாருங்கள். கறுத்திருந்தால் முழு வயரிங்கும் புதிதாகப் போட வேண்டியதுதான். வெள்ளீயம் (டின்) பூசிய செம்பு வயர் வாங்குங்கள்.

டிரெய்லரும் காகிதமும்

சில சமயம் படகைவிட டிரெய்லர்தான் மதிப்பு. அச்சில் துரு, ஸ்பிரிங், பேரிங் ஆட்டம் எல்லாம் பாருங்கள். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் பழைய டயர் நடுவழியில் வெடிக்கும். வீட்டுக்கு இழுத்து வரும்போது கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, சக்கரத்தின் குடத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போகப்போகிறது.

பின்பலகையின் வலது மேல் மூலையில் படகின் அடையாள எண் பொறித்திருக்கும். அது காகிதத்தில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். மோட்டாருக்கும் டிரெய்லருக்கும் தனித்தனி எண்கள். சுரண்டப்பட்ட எண், "காகிதம் அப்புறம் தரேன்", "என் மச்சான் பேர்ல இருக்கு" இவற்றில் எது வந்தாலும் கை குலுக்கிவிட்டுத் திரும்புங்கள்.

கணக்கு

அன்றே பணம் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதுங்கள்: உயிருக்கு ஆபத்து வராமல் இருக்கச் செய்ய வேண்டியவை, ஓடுவதற்குச் செய்ய வேண்டியவை, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பவை. ஒவ்வொன்றுக்கும் விலையை விசாரித்து எழுதுங்கள், ஊகிக்காதீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே அப்படியே பலிக்கும். எப்பாக்சி பிசின், கண்ணாடியிழைத் துணி, உப்புத்தாள், கையுறை, முகமூடி என்று தீர்ந்துபோகிற சாமான்களே கணிசமாக இழுத்துவிடும். லைஃப் ஜாக்கெட், நங்கூரம், தீயணைப்பான், படகு நிறுத்துமிட வாடகை ஆகியவற்றையும் சேருங்கள். வந்த மொத்தத்தோடு பாதியைக் கூட்டுங்கள். நாட்களை இரட்டிப்பாக்குங்கள். இப்போது அதே நீளத்தில் ஓடுகிற நிலையில் உள்ள படகு என்ன விலை என்று பார்த்தால், பலருக்கு அங்கேயே முடிவு கிடைத்துவிடும். உங்கள் உழைப்புக்கு விற்கும்போது யாரும் காசு தரப்போவதில்லை.

நான் எப்படி முடிவெடுப்பேன் என்று கேட்டால்: உடல் கெட்டி, மோட்டார் செத்தது, டிரெய்லர் நல்லது என்றால் பேரம் பேசி வாங்குவேன். என் இரண்டாவது படகு அப்படி வந்ததுதான், பழைய மோட்டார் ஒன்றைத் தேடி மாட்டினேன். மோட்டார் அருமை, உடல் ஊறியது என்றால் மோட்டாரை மட்டும் தனியாகத் தருவாரா என்று கேட்பேன். ஊறிய உடலை மோட்டாருக்காக வீட்டுக்கு இழுத்து வர மாட்டேன். தரை மட்டும் அமுங்குகிறது, தட்டினால் பின்பலகை கெட்டி என்றால், கூரையுள்ள இடமும் பொறுமையும் இருப்பவர் துணியலாம். தட்டிப் பார்க்கவே விடவில்லையா? அதுவும் ஒரு பதில்தான்.

சரி, வாங்கிவிட்டீர்கள். வந்த அன்றே அடியிலிருக்கும் வடிகால் தக்கையைக் கழற்றிவிட்டு, முன்முனையைச் சற்று உயர்த்தி நிறுத்துங்கள். மழைத் தண்ணீர் தங்காது. கழற்றிய தக்கையை டப்பாவில் போட்டு வைக்காமல், மோட்டார் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். முதன்முதலாகத் தண்ணீரில் இறக்குகிற நாளில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, கணுக்கால் நனைந்த பிறகு அந்தத் தக்கையைத் தேடியவன் நான்.